பதினெட்டாம் குழியில் நின்ற தண்ணீர்

மழை தூறினால் போதும், மைதானத்தில் அவரிடம் யாரும் யோசனை கேட்பதில்லை. கேட்டால் என்ன சொல்வார் என்று எல்லோருக்கும் தெரியும். வானத்தை ஒரு பார்வை பார்ப்பார், குழிக்குள் ஒரு பார்வை பார்ப்பார், "இன்னைக்கு ஆகாது, வீட்டுக்குப் போங்க" என்பார். அரை மணி பொறுத்துப் பார்க்கலாமே என்று எவ்வளவு பெரிய மனிதர் சொன்னாலும் சரி, "பொறுத்து என்ன சார் ஆகப்போகுது? வீட்டுல ஆள் இருக்கும்ல, போங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் அவருக்கு 'வீட்டுக்குப் போங்க' என்றே பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். வைக்கட்டும். சின்ன வயசு, சிரிப்பு வருகிறது, சிரிக்கிறார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை அங்கே இருந்தவர்கள் மட்டும் சிரிப்பதில்லை.

அவருடைய வேலை குழி வெட்டுவது. கோல்ஃப் ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் எப்போதாவது பார்த்திருப்பீர்கள். பந்து கடைசியில் போய் விழுகிறதே ஒரு குழி, அது உலகம் உண்டானபோதே அங்கே உண்டானது என்றுதானே நினைத்திருப்பீர்கள்? அதுதான் இல்லை. தினம் விடியற்காலையில் ஒரு ஆள் வந்து நேற்றைய குழியை மூடி, நாலடி தள்ளியோ பத்தடி தள்ளியோ புதுக் குழி போடுகிறார். ஒரே இடத்தை எல்லாரும் மிதித்தால் புல் செத்துப்போகும், அதனால் இந்த ஏற்பாடு. கம்பளம் போல ஒட்ட வெட்டிய அந்தப் புல்தரைக்கு கிரீன் என்று பெயர். இரும்புக் குழாயை அதன் மேல் நட்டு, உடம்புக் கனத்தையெல்லாம் இறக்கி ஒரு திருகு திருகினால் மண் அப்படியே கட்டியாக வரும். அதை எடுத்துவிட்டு, அடியில் ஓட்டையுள்ள வெள்ளைக் கப்பை உள்ளே இறக்க வேண்டும். மைதானத்துக்குப் பதினெட்டுக் குழி. அந்த ஞாயிற்றுக்கிழமை வரை முப்பத்தொரு வருஷம் அவர் இதைச் செய்திருந்தார். ஒரு குழியின் விளிம்பு பிசிறடித்தது என்று ஒரு வாய் சொன்னதில்லை. பாராட்டியும் ஒரு வாய் சொன்னதில்லை, அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். நன்றாக இருக்கிற குழியை யார் பார்க்கிறார்கள்?

ஒருத்தி பார்த்தாள். அவர் மனைவி.

பெண் கேட்டுப் போன அன்று அவள் அப்பா, "தம்பிக்கு என்ன வேலை?" என்று கேட்டார். இவர் வெள்ளந்தியாக, "குழி வெட்டுறேங்க" என்றார். பெரியவர் முகம் செத்துவிட்டது. குரலைத் தாழ்த்தி, "இடுகாட்டுலயா தம்பி?" என்றார். உள்ளே இருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டதாம். அடக்கப் பார்த்து அடங்காமல் வெடித்த சிரிப்பு. அந்தச் சிரிப்புக்காகத்தான் கட்டிக்கொண்டேன் என்று இவர் சொல்வார். வேறு மாப்பிள்ளை வரவில்லை, அதனால் கட்டிக்கொண்டேன் என்று அவள் சொல்வாள்.

அவள் வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைத்தாள். இவர் அவளை 'டெய்லரம்மா' என்று கூப்பிடுவார். அவள் இவரை 'குழிக்காரரே' என்பாள். மகள் பிறந்து, வளர்ந்து, கல்யாணமாகிப் போன பிறகும் அதே டெய்லரம்மா, அதே குழிக்காரர். சாயங்காலம் தேநீர் குடிக்கும்போது அன்றைக்கு எந்தக் குழியை எங்கே போட்டார், எவன் எப்படித் திணறினான் என்று ஒன்றுவிடாமல் சொல்லியாக வேண்டும். ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்பாள். மைதானத்தில் ஒரு நாள் கால் வைத்தவள் இல்லை. ஆனால் எந்தக் கிரீன் எந்தப் பக்கம் சாயும் என்று அவளுக்கு அத்துப்படி. குழியைத் துடைக்கிற ஸ்பாஞ்சுப் பஞ்சை அவர் சட்டைப்பையில் திணித்துத் திணித்துச் சட்டையெல்லாம் ஈரமாவதைப் பார்த்து, இடுப்புப் பட்டையில் கோத்துக்கொள்ள ஒரு நீலப் பை தைத்துக் கொடுத்தாள். நீலப் பொத்தான் தீர்ந்துபோய் மஞ்சள் பொத்தானை வைத்தாள். "தூரத்துல பாத்தாலும் நீங்கதான்னு தெரியணும்ல" என்றாள், சமாளிப்பாக.

ஒருமுறை கேட்டாள்: "கப்புல தண்ணி நின்னா என்னங்க அர்த்தம்?"

"பூமிக்கு வயிறு நெறஞ்சு போச்சுன்னு அர்த்தம். மேல நிக்கிற தண்ணியத் தள்ளிடலாம். கப்புக்குள்ள தண்ணி ஊறி நின்னுச்சுன்னா கீழ குடிக்க இடமில்ல. எத்தனை பேர் நின்னு தள்ளினாலும் அன்னைக்கு ஆட்டம் கெடையாது."

"அப்போ நீங்க சீக்கிரம் வந்துடுவீங்க."

"வராம? அங்க இருந்து என்ன பண்றது, தவளை பிடிக்கிறதா?"

அதனால் மழை நாள் என்றால் டெய்லரம்மாவுக்குக் குஷி.

இப்படி இருக்கும்போதுதான் அந்தப் பெரிய சாம்பியன்ஷிப் அவர்கள் மைதானத்துக்கு வந்தது. உலகத்தில் பேர் வாங்கியவர்கள் எல்லாம் ஆடுகிற பந்தயம். வியாழன் தொடங்கி ஞாயிறு வரை நாலு நாள், நாளுக்கு ஒரு சுற்று. இரண்டு வருஷம் முன்னாலேயே மரம் வெட்டினார்கள், மணல் மாற்றினார்கள், கேலரி கட்டினார்கள். செய்தி வந்த அன்று டெய்லரம்மா குதித்தாள். "கடைசி நாள் கடைசிக் குழியில ஜெயிச்சவர் கையை விட்டுப் பந்தை எடுப்பாரே, அது நீங்க போட்ட குழி! உலகமே பாக்கும்!"

"உலகம் பந்தைப் பாக்கும்."

"நான் குழியைப் பாப்பேன்."

அந்த வருஷமே அவள் வயிற்றில் கட்டி என்றார்கள். என்னென்னவோ செய்தார்கள். சாம்பியன்ஷிப்புக்கு மூன்று வாரம் இருக்கும்போது டாக்டர், "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, அவங்களுக்குப் பிடிச்சதைக் குடுங்க" என்றார். டாக்டர்கள் அப்படிச் சொன்னால் என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரியும். மகள் வந்து கூடவே தங்கினாள். தையல் மெஷினை ஓரமாக நகர்த்தி, கட்டிலைக் கூடத்தில் தொலைக்காட்சிக்கு நேரே போட்டார்கள். இவர் லீவு எழுதிக் கொடுக்கப் போனார். அவள் விடவில்லை. "வேற எவனாவது அந்தக் குழியை வெட்டினா நான் டிவியவே அணைச்சிடுவேன்" என்றாள்.

மூன்று நாள் பார்த்தாள். பாதி நேரம் தூங்குவாள், பாதி நேரம் பார்ப்பாள். சாயங்காலம் இவர் வந்ததும், "ஏழாவதுல கொஞ்சம் ஓரமாப் போட்டுட்டீங்க, பாவம் அந்தப் பசங்க" என்பாள், மூச்சு வாங்கிக்கொண்டே.

ஞாயிறு விடியற்காலையில் அவர் கிளம்பும்போது விழித்துக்கொண்டிருந்தாள்.

"மழை வருமாங்க?"

"வந்தா வரட்டும். நம்ம கிரீன் தண்ணி குடிச்சிரும்."

"இன்னைக்கு முடிஞ்சிடணும். நாளைக்குன்னா என்னால ஆகாதுங்க."

"வாயக் கழுவு. காலங்காத்தால என்ன பேச்சு?"

"சும்மா சொன்னேன். போங்க. நல்லா வெட்டுங்க."

அவர் நல்லாத்தான் வெட்டினார். பதினெட்டாவது கிரீன் மைதானத்திலேயே தாழ்ந்த இடம், பக்கத்தில் குளம். வலது கோடியில், குளத்துப் பக்கம் சாயும் இடத்தில் குழியைப் போட்டு, விளிம்பைக் கத்தரியால் ஒழுங்கு செய்து, முட்டி போட்டபடியே ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தொரு வருஷத்தில் இதைவிட நல்ல குழி ஒன்று அவர் வெட்டியதில்லை.

இரண்டு மணி பத்து நிமிஷத்துக்கு வானம் கிழிந்தது. முன்னால் கிளம்பியவர்கள் ஆடி முடித்திருந்தார்கள். முதலிடத்துக்கு மோதிக்கொண்டிருந்தவர்கள் ஆறாவது குழியில்தான் இருந்தார்கள். ஹாரன் ஊதியது. ஊதினால் அத்தனை பேரும் அந்தந்த இடத்தில் ஆட்டத்தை நிறுத்த வேண்டும். பார்க்க வந்தவர்கள் குடையும் செருப்புமாக ஓடினார்கள். ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் கொஞ்சமும் பதறாமல், "அடுத்த தகவல் அரை மணி நேரத்தில்" என்றது.

மழை நேரத்தில் ஆட்டக்காரர்களுக்கு ஓய்வு, இவர்களுக்குத்தான் வேலை. ரப்பர் பட்டை வைத்த நீள வைப்பரை எடுத்துக்கொண்டு எட்டுப் பேர் கிரீனில் வரிசையாக நின்று தண்ணீரைக் குளத்துப் பக்கம் தள்ளுவார்கள். மழை வலுத்தால் கேலரிக்கு அடியில் ஒதுங்குவார்கள், குறைந்தால் மறுபடி ஓடுவார்கள். எந்த நிமிஷமும் ஆட்டம் தொடங்கலாம் என்பதால் நகரக் கூடாது. ஃபோனையெல்லாம் காலையிலேயே வாசலில் உறையில் போட்டு வாங்கி வைத்துக்கொண்டார்கள். பெரிய பந்தயம், பெரிய சட்டம்.

கூட வேலை செய்தவர்களில் ஒருவருக்கு 'வானொலி' என்று பேர். ஓயாமல் வானிலை சொல்வார், ஒன்றும் பலிக்காது. "மேற்கே வெளுத்துடுச்சு, இதோ விட்டுடும்" என்றார். அடுத்த நிமிஷம் இன்னும் ஒரு பாட்டம் கொட்டியது.

"உன் வாய்க்கு ஒரு பூட்டுப் போடுயா," என்று சிரித்தார்கள்.

"மழைப்பேறும் பிள்ளைப்பேறும் மகாதேவனுக்கே தெரியாதாம், எனக்கு மட்டும் எப்படிப்பா தெரியும்?" என்றார் வானொலி.

குழிக்காரரும் சிரித்தார். அதை நினைத்துத்தான் இப்போதும் குமைகிறார். அந்த நேரத்தில் நான் சிரித்துக்கொண்டிருந்தேனே என்று.

மூன்றரை மணிக்கு மழை கொஞ்சம் குறைந்தது. வைப்பரைக் கீழே வைத்துவிட்டுக் குழிக்குப் போய் உட்கார்ந்து உள்ளே பார்த்தார். கப்பில் பாதிக்குத் தண்ணீர். விரலை விட்டுப் பார்த்தார். மேலிருந்து விழுந்த தண்ணீர் இல்லை, கீழிருந்து ஊறியது. பூமிக்கு வயிறு நிறைந்துவிட்டது.

அவருக்குத் தெரிந்துவிட்டது. வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவருக்குத் தெரியும். இந்தக் கிரீன் தேறாவிட்டால் மொத்த மைதானமும் தேறாது. இன்றைக்கு ஆட்டம் இல்லை. நாளைக்குத்தான்.

நாளைக்குன்னா என்னால ஆகாதுங்க.

திரும்பிப் பார்த்தார். மைதான மேனேஜரும் மழைக்கோட்டு போட்ட நடுவரம்மாவும் மேட்டிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். நீலப் பையின் மஞ்சள் பொத்தானைக் கழற்றினார். பஞ்சை எடுத்தார். குழிக்குள் விட்டு ஒற்றி, உள்ளங்கையில் பிழிந்தார். மறுபடி விட்டார், மறுபடி பிழிந்தார். அவர்கள் வந்து சேர்வதற்குள் கப்பு காய்ந்து வெள்ளையாக இருந்தது. இரண்டு மூன்று நிமிஷம் அப்படி இருக்கும். அது போதும்.

நடுவரம்மா குனிந்து உள்ளே பார்த்தார். "தண்ணி நிக்கலையே. பரவாயில்லையே!"

மேனேஜர் இவரைப் பார்த்தார். முப்பத்தொரு வருஷமாக இவர் சொன்னதை நம்பிப் பழகிய மனிதர். "என்னண்ணே சொல்றீங்க? நிறுத்திடச் சொல்லலாமா, பொறுக்கலாமா?"

"பொறுக்கலாம் சார். மழை விட்டா இருபது நிமிஷத்துல ரெடி பண்ணிடுவேன்."

பொய் சொல்லத் தெரியாதவர் சொல்கிற முதல் பொய்யை எல்லோரும் நம்புவார்கள். அதுதான் அதில் இருக்கிற ஆபத்து. நடுவரம்மா வாக்கிடாக்கியில் பேசினார். மணி மூன்றே முக்கால். ஒலிபெருக்கி சொன்னது: "அடுத்த தகவல் அரை மணி நேரத்தில்."

நாலே காலுக்கும் அதையே சொன்னது. நாலே முக்காலுக்கும் ஐந்தே காலுக்கும் அதையே சொன்னது. ஒவ்வொரு முறையும் நடுவரம்மா வருவதற்கு முன்னால் இவர் குழியண்டை போய்க் குனிந்து பஞ்சை விட்டார். தண்ணீர் வரவர வேகமாக ஊறியது. வானொலி பக்கத்தில் வந்து மெதுவாக, "அண்ணே, தலைக்கு மேல வெள்ளம் போயிடுச்சு. இது ஆகாதுன்னு உங்களுக்குத் தெரியலையா?" என்றார்.

"தள்ளுயா. பேசாம தள்ளு."

தெரியும். ஆனால் ஆசைக்குக் கண்ணும் இல்லை, காதும் இல்லை. மழை பட்டென்று நிற்கும், காற்று அடிக்கும், எப்படியாவது உலர்ந்துவிடும், இருட்டுவதற்குள் அவர்கள் ஓடியாவது ஆடி முடிப்பார்கள், எவனோ ஒருவன் அந்தக் குழிக்குள் கையை விடுவான், அவள் பார்ப்பாள். அந்த ஒரு காட்சி மட்டும்தான் அவர் மண்டைக்குள் ஓடியது. வேறு எதற்கும் அங்கே இடமில்லை.

ஐந்தரைக்கு நடுவரம்மா சொல்லாமல் கொள்ளாமல் முன்னதாகவே வந்து நின்றார். குழி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அவர் வாக்கிடாக்கியை எடுத்தார். ஒலிபெருக்கி இந்த முறை அரை மணி கேட்கவில்லை: "இன்றைய ஆட்டம் ரத்து. மீதி நாளை காலை."

வாசலில் உறையைப் பிரித்துக் கொடுத்தார்கள். ஃபோனில் மகள் பதினோரு முறை அழைத்திருந்தாள். முதல் அழைப்பு நாலு மணிக்கு. கடைசியாக ஐந்தேகாலுக்கு ஒன்று. அதற்கப்புறம் இல்லை. திருப்பி அழைக்கவில்லை அவர். ஸ்கூட்டரை எடுத்தார். இருபது நிமிஷ வழி.

வீட்டுக் கதவு விரியத் திறந்து கிடந்தது. சாரல் உள்ளே அடித்து, வாசலிலிருந்து தையல் மெஷின் கால் வரை தரை நனைந்திருந்தது. அவருக்கு முதலில் வந்தது கோபம்தான். "யாரு கதவைத் திறந்து போட்டது? அவளுக்குக் குளிராதா?" என்று கத்திக்கொண்டே உள்ளே போனார். மகள் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். தொலைக்காட்சியைச் சத்தமில்லாமல் வைத்திருந்தார்கள். அதில் மழை பெய்துகொண்டிருந்தது. கட்டிலில் டெய்லரம்மா வாசல் பக்கம் தலையைத் திருப்பியபடி கிடந்தாள்.

ஐந்தேகாலுக்கு என்றாள் மகள்.

அவர் கணக்குப் போட வேண்டியிருக்கவில்லை, கணக்கு தானாக வந்து நின்றது. மூன்றே முக்காலுக்கு உண்மையைச் சொல்லியிருந்தால் அப்போதே நிறுத்தியிருப்பார்கள். நாலேகாலுக்கு இந்த வாசலில் நின்றிருப்பார். முழுசாக ஒரு மணி நேரம். முப்பது வருஷம் கூட வாழ்ந்தவளிடம் பேச ஒரு மணி நேரம் இருந்திருக்கும். அதைப் பஞ்சில் ஒற்றிப் பிழிந்து எறிந்துவிட்டு வந்திருக்கிறார். ஈரச் சட்டையோடு அவள் காலடியில் உட்கார்ந்து, "டெய்லரம்மா, டெய்லரம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

திங்கட்கிழமை சுள்ளென்று வெயில் அடித்தது. அநியாய வெயில். ஒரு சுற்று பாதியில் நின்றால் குழியை மாற்றக் கூடாது என்பது ஆட்டத்தின் சட்டம். எல்லோருக்கும் ஒரே குழி இருக்க வேண்டும். அதனால் ஞாயிறு விடியலில் அவர் வெட்டிய குழியே திங்களன்றும் இருந்தது. காலியான கேலரிகளுக்கு நடுவே ஆடி முடித்தார்களாம். அவளைத் தூக்கப் போகிற நேரத்துக்குச் சற்று முன்னால் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியிலிருந்து கைதட்டல் கேட்டது. யாரோ ஓடிப்போய்ச் சத்தத்தைக் குறைத்தார்கள். அந்தக் கைதட்டல் எதற்கு என்று அந்த வீட்டில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

நாலாம் நாள், வந்தவர்களெல்லாம் போன பிறகு, மகள் கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நனைந்த இடத்தில் தரை வெளுத்துப் போயிருந்தது. அதைப் பார்த்ததும் அவருக்கு மறுபடி ஆத்திரம் பொங்கியது. தன் மேல் இருந்த ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

"அன்னைக்கு அவ்வளவு மழையில கதவைத் திறந்து போட்டியே, உனக்கு அறிவு இருக்கா? உடம்புக்கு முடியாதவ, சாரல் அடிக்குமேன்னு தோணலையா?"

மகள் துடைப்பதை நிறுத்தினாள்.

"நான் திறக்கலப்பா. அம்மாதான் திறக்கச் சொன்னாங்க."

"எதுக்கு?"

"மூணரை மணி இருக்கும். டிவியில கிரீனைக் காட்டினாங்க. யாரோ குனிஞ்சு குழிக்குள்ள பஞ்சை விடுறது மட்டும் கிட்டத்துல தெரிஞ்சது. மூஞ்சி தெரியல. அம்மா அந்தப் பையைப் பாத்துட்டாங்க. மஞ்சப் பொத்தான், உங்க அப்பாதான்டின்னாங்க. எவ்வளவு சந்தோஷம் தெரியுமாப்பா, எந்திரிச்சு உக்காரப் பாத்தாங்க."

மகள் துணியை வாளியில் பிழிந்தாள்.

"அப்புறம், பஞ்சைப் பிழியுறாருல்ல, கப்புல தண்ணி நின்னுடுச்சு, இனி இன்னைக்கு ஆட்டம் கெடையாதுன்னு சொன்னாங்க. மழையில நனைஞ்சுட்டு வருவாரு, வாசல்ல நிக்க வைக்காத, கதவைத் திறந்து வையின்னாங்க. நான் ரெண்டு தடவை மூடப் போனேன். விடல. நாலு மணிக்கு மூச்சு இழுக்க ஆரம்பிச்சதும் உங்களுக்கு ஃபோன் மேல ஃபோன் போட்டேன். எதுக்குடி ஃபோன் போடுற, வண்டி ஓட்டுறப்ப தொந்தரவு பண்ணாதே, வந்துட்டே இருப்பாருன்னாங்க. அதுக்கப்புறம் கடைசி வரைக்கும் டிவியைப் பாக்கலப்பா. வாசலையேதான் பாத்துட்டிருந்தாங்க."